கொலம்பஸ் க்யூவில் எட்டுத் தட்டு

என் சித்தப்பாவிடம் ஒரு கொலம்பஸ் இருக்கிறது. பொருட்காட்சியிலும் திருவிழாவிலும் முன்னும் பின்னும் ஊஞ்சலாடுமே, அந்தக் கப்பல். இந்தக் கோடை விடுமுறைக்குத் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் அதைப் போட்டிருந்தார். நான் கொருக்குப்பேட்டையில் ஆம்ப்ளிஃபையர், மிக்ஸி, இன்வெர்ட்டர் போர்டு பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கிவிட்டு மைதானத்துக்குப் போய் டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். அங்கே தினமும் பார்த்த ஒரு காட்சிதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

கப்பலில் 40 பேர் உட்காரலாம். மூன்று நிமிடம் ஆடும். இறங்கவும் ஏறவும் கம்பி பூட்டவும் இன்னொரு மூன்று நிமிடம். ஆக ஆறு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம், மணிக்கு 10 ஆட்டம், 400 பேர். வரிசைக்கு ஜி.ஐ. குழாயில் மூன்று மடிப்பாகத் தடுப்பு கட்டியிருந்தோம். ஒரு மடிப்பு 12 மீட்டர், அதில் நெருக்கிப் பிடித்து 40 பேர் நிற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மடிப்பும் நிறைந்துவிடும். கடைசியில் நிற்கிறவர் 18 நிமிடம் நிற்க வேண்டும். இந்தக் கணக்கை 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் ஒரு விதியாகவே நிரூபித்து வைத்திருக்கிறார். வரிசையில் நிற்கும் தலைகளின் எண்ணிக்கை என்பது, நிமிடத்துக்கு வந்து சேருகிறவர்களை ஒருவர் காத்திருக்கும் நிமிடங்களால் பெருக்கினால் வருவது. ரேஷன் கடைக்கும் அதுதான், கப்பலுக்கும் அதுதான். கப்பலைப் பெரிதாக்காமல் அந்த 18 நிமிடத்தைக் குறைக்க வழியில்லை.

ஆனால் அந்த 18 நிமிடமும் எப்படிப் போகிறது என்பது வேறு விஷயம். சின்னப் பிள்ளைகள் குழாய்மேல் ஏறித் தலைகீழாகத் தொங்குவார்கள். அம்மா ஒரு கையால் கைக்குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பெரியவனை இழுப்பார். "எப்பம்மா போவும், எப்பம்மா போவும்" என்று ஒரே கேள்வி. பக்கத்தில் ராட்டினத்தில் நாலு நாலு பேராக ஏற்றுவதால் அந்த வரிசை கொஞ்சம் கொஞ்சமாகவாவது நகர்ந்துகொண்டிருக்கும். கொலம்பஸ் க்யூ அப்படி நகராது. ஆறு நிமிடம் கல்லாக நிற்கும், அப்புறம் ஒரே குதியாக 40 பேர் தூரம் குதிக்கும். நகராமல் நிற்கும் அந்த நேரம்தான் பிள்ளைகளைப் படுத்துகிறது.

பெரிய தீம் பார்க்குகளில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று ராத்திரி வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் பங்களா இருக்கிறது. 2011-இல் அதன் வரிசைப் பாதையில் ஓர் இடுகாட்டையே அமைத்தார்கள். ஒரு கல்லறையில் இசைக்கருவிகள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். கை வைத்தால் அந்தக் கருவி ஒலிக்கும். அதே பூங்காவில் பீட்டர் பேன் சவாரி வரிசையில் 2015 முதல் நம் நிழல் சுவரில் விழும், எங்கிருந்தோ பட்டாம்பூச்சி நிழல்கள் வந்து அதோடு விளையாடும். கலிஃபோர்னியா டிஸ்னிலாண்டில் 1995-இல் திறந்த இண்டியானா ஜோன்ஸ் சவாரியில் இன்னும் எளிமையாக ஒன்று உண்டு. வழியில் கூரையைத் தாங்கி நிற்பதுபோல ஒரு மூங்கில் கம்பம். அதைப் பிடித்து அசைத்தால் தலைக்கு மேலே கூரை சரிவதுபோல ஓசை கேட்கும்.

எனக்கு அந்த மூங்கில்தான் மிகவும் பிடித்துப்போனது. திரை கிடையாது, படிக்க எழுத்து கிடையாது, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கை சும்மா இருக்கும்போது எதிரே ஒரு கம்பம் இருந்தால் யாரும் ஆட்டித்தான் பார்ப்பார்கள். போனிலேயே வரிசை விளையாட்டு தருவதற்கு 2018-இல் டிஸ்னி ஓர் ஆப் கூட விட்டது. அது எங்களுக்கு ஒத்துவராது. இங்கே அம்மாவின் போனில் சார்ஜ் தீர்ந்தால் வீட்டுக்கு ஆட்டோ பிடிக்க முடியாது. அதோடு, பொருட்காட்சிக்கு வந்து பிள்ளைகள் குனிந்துகொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

வடசென்னையில் கைக்கு என்ன கிடைத்தாலும் தாளம் வரும். பெஞ்ச், டின், தீப்பெட்டி, எதிலும் கானாவுக்கு அடி வாசிக்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் குழாய்த் தடுப்பிலேயே தட்டிப் பார்க்கும் மேளங்களை வைப்பது என்று முடிவு செய்தேன். சித்தப்பாவிடம் சொன்னதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இன்னா வேணா பண்ணிக்கோ. கப்பல்ல ஒரு நட்டைக்கூடத் தொடக் கூடாது." அது நியாயமான கட்டளை. கடைசி வரை காப்பாற்றினேன்.

தட்டுகளைச் செய்தது

மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். வாங்கியது: பீசோ வட்டுகள் இருபது, ஓர் ஆர்டுயினோ நானோ (நிரல் எழுதி இயக்கும் விரலளவு போர்டு), ஒரு சின்ன எம்.பி.3 மாட்யூல், ஸ்பீக்கர்கள். பீசோ வட்டு என்பது பஸ்ஸருக்குள் இருக்குமே, வெள்ளைப் பூச்சு பூசிய பித்தளைக் காசு, அதேதான். மின்சாரம் கொடுத்தால் அதிர்ந்து சத்தம் போடும். மாறாக, நாம் தட்டினால் அது மின்சாரம் கொடுக்கும். பலமாக ஒரு தட்டு தட்டினால் ஒரு நொடிக்குள் பத்து, இருபது வோல்ட்டுக்கு மேலேகூட எகிறும், நானோ தாங்குவதோ 5 வோல்ட். அதனால் ஒவ்வொரு வட்டுக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், 5.1 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்றும் வைத்தேன். ரெசிஸ்டர் மிச்ச மின்னேற்றத்தை வடித்துவிடும், ஜீனர் எகிறலை வெட்டிவிடும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் செய்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அதை நம்பாதீர்கள். பிள்ளைகள் மெதுவாகத் தட்ட மாட்டார்கள்.

மேளத்துக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளி மூடிகள். எங்கள் தெரு பெயின்டர் அண்ணன் எட்டு மூடி சும்மா கொடுத்தார். மூடியின் அடியில் நடுவே வட்டை ஒட்டி, மேலே லாரி ட்யூபை வெட்டி விரித்து இழுத்துக் கட்டினேன். கைக்கு வலிக்காது, அடி நன்றாக எதிரொலிக்கும். இந்த மூடி மேளத்தைத்தான் இனி தட்டு என்கிறேன். எட்டுத் தட்டும் இரண்டாவது, மூன்றாவது மடிப்புகளில் மூன்று மீட்டருக்கு ஒன்றாக.

ஒலிகளை எங்கிருந்தோ இறக்கவில்லை. பறையும் டோலக்கும் எனக்குத் தெரிந்த வாத்தியக்காரர்களிடம் போய் ஒவ்வோர் அடியாகப் பதிவு செய்தேன். காசிமேட்டுக்கு விடியற்காலையில் போய் விசைப்படகு எஞ்சின் துவங்கும் "டுப் டுப்" சத்தத்தைப் பிடித்தேன். ஐஸ் வண்டி மணி ஒன்று. மற்ற நான்கு தட்டுக்கும் மோகன ராகத்தின் சுரங்கள். மோகனத்தில் ஐந்தே சுரம், ச ரி க ப த. அவற்றில் எதை எதோடு சேர்த்து அடித்தாலும் காதில் உறுத்தாது. இசை தெரியாத நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டினாலும் பாட்டு மாதிரியே கேட்கும். இந்த ஒரு முடிவுக்காக எனக்கு நானே சந்தோஷப்பட்டேன்.

முதல் சோதனையிலேயே எம்.பி.3 மாட்யூல் தோற்றது. அது ஒரு நேரத்தில் ஒரு பாட்டைத்தான் வாசிக்கும். ஒருவன் பறையைத் தட்டும்போது இன்னொருத்தி மணியைத் தட்டினால் பறை அறுந்துவிடும். போதாததற்குத் தட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவே கண்ணுக்கே தெரிகிற தாமதம். தாளத்தில் அது சாவு. அதைக் கழற்றி வைத்துவிட்டுக் கடையில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவு கணினியை எடுத்தேன். நானோ தட்டைக் கேட்டு எண்ணை மட்டும் அனுப்பும், பை பல ஒலிகளைக் கலந்து வாசிக்கும். அதிலும், வாசிப்பதற்கு முன் ஒலியைச் சேர்த்துவைக்கும் ஆடியோ பஃபர் 2048 என்று இருந்தது. நொடிக்கு 44,100 ஒலித் துணுக்கு (சாம்பிள்) என்றால் 2048 என்பது 46 மில்லி நொடி. அதை 256 ஆக்கியதும் 6 மில்லி நொடிக்கு வந்தது. அப்போதுதான் மூடி உண்மையான மேளம் மாதிரி உணர்ந்தது. அந்த வித்தியாசத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம். கையும் காதும் ஒன்றாகிவிடும்.

ஒரு பெரிய ஸ்பீக்கரை நடுவில் வைத்ததும் தப்பு. பொருட்காட்சியில் மரணக் கிணற்றுக்காரர் மைக், ராட்டினப் பாட்டு, அப்பளக் கடை அழைப்பு எல்லாம் சேர்ந்த இரைச்சலில் தன் தட்டுக்கு எந்தச் சத்தம் வந்தது என்று பிள்ளைக்கே தெரியாது. தட்டிய இடத்திலிருந்தே சத்தம் வர வேண்டும். இரண்டு யு.எஸ்.பி. சவுண்டு கார்டு, நாலு சின்ன ஸ்பீக்கர், பக்கத்துப் பக்கத்துத் தட்டு இரண்டுக்கு ஒன்று. சத்தமும் குறைந்தது, விளையாட்டும் கூடியது.

குழாய் செய்த குழப்பம்

மைதானத்தில் மாட்டி மூன்றாவது தட்டை அடித்தேன். நாலும் ஐந்தும் சேர்ந்து ஒலித்தன. யாரோ குழாயில் சாய்ந்தார், மணி அடித்தது. ஒரு பையன் குழாயை உதைத்தான், எட்டும் ஒன்றாக அலறின. ஜி.ஐ. குழாய் முழுக்க ஒரே உலோகம். ஒரு முனையில் தட்டினால் அதிர்வு மறுமுனை வரை ஓடும். பீசோவுக்குக் கையடி எது, குழாயதிர்வு எது என்று தெரியாது.

முதலில் மூடிக்கும் குழாய்க்கும் நடுவே சைக்கிள் ட்யூபை நாலு மடிப்பாக மடித்து வைத்துக் கட்டினேன். இரும்பு இரும்பைத் தொடும் இடமே இருக்கக் கூடாது, கிளாம்பின் போல்ட்டுக்குக்கூட ரப்பர் வாஷர் போட்டேன். முக்கால்வாசி தொல்லை அதிலேயே போனது. மிச்சத்துக்கு நிரலில் ஒரு வேலை: ஏதாவது ஒரு தட்டு எழும்பினால் உடனே வாசிக்காமல் 10 மில்லி நொடி காத்திரு, அதற்குள் எழும்பியவற்றில் எது மிகப் பெரிதோ அதைச் சொந்த அடியாக எடு, அதில் பாதியை எட்டாதவற்றை விட்டுவிடு. உண்மையிலேயே இருவர் ஒன்றாகத் தட்டினால் இரண்டும் பலமாக இருக்கும், இரண்டும் ஒலிக்கும். ஓர் அடிக்கு மூடி சில முறை அதிரும் என்பதால் ஒரு தட்டு ஒலித்தபின் 60 மில்லி நொடி அதன் காதைப் பொத்திவைத்தேன்.

அடுத்த தொல்லை ஜெனரேட்டர். விளக்குகள் போட்டதும் யாரும் தொடாமலே தட்டுகள் பேச ஆரம்பித்தன. நீளமான சாதா வயர் சுற்றியிருக்கும் மின் இரைச்சலை எல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது. சவுண்ட் சர்வீஸ் அண்ணன் ஒருவர் பழைய மைக் கேபிள் கொடுத்தார், மேலே வலை சுற்றிய ஷீல்டு வயர். அந்த வலையை நானோ பக்கம் மட்டும் கிரவுண்டில் சேர்த்தேன். நானோவையும் மடிப்பின் நடுவுக்கு நகர்த்தி, வயர் நீளத்தைப் பாதியாக்கினேன். மின்சாரத்தையும் ஜெனரேட்டரிலிருந்து எடுக்கவில்லை. ஆட்டோ பேட்டரி ஒன்று, 12 வோல்ட், 35 ஆம்பியர் மணி. எல்லாம் சேர்ந்து சராசரியாக 20 வாட்தான் இழுக்கிறது, மாலை ஐந்திலிருந்து பத்து வரை தாராளம்.

பேட்டரிக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுதான் முக்கியம். பிள்ளைகள் ஈரக் கையோடு, செருப்பில்லாமல், இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் அது. அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் 230 வோல்ட் எந்த வடிவத்திலும் வரக் கூடாது. அடாப்டர்கூட வேண்டாம். இதைப் பார்த்து யாராவது செய்வதாக இருந்தால் மற்ற எதை மாற்றினாலும் இதை மாற்றாதீர்கள்.

கப்பல் காலியாகப் போன ராத்திரி

முதல் சனிக்கிழமை. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடியது. "ண்ணா, இதுக்கு காசு போடணுமா?" என்று கேட்ட பையனிடம் வேண்டாம் என்றதும் அவன் பறையைப் பிடித்துக்கொண்டான். பின்னால் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒரு பூக்கார ஆயா கூடையைக் கீழே வைத்துவிட்டு விரலால் ஐஸ் மணியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். யாரும் குழாய்மேல் ஏறவில்லை. ஒரு மணி நேரம் நான் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் சித்தப்பா கூப்பிட்டார். "தம்பி, மேளம் நல்லாத்தான் கீது. கப்பலைப் பாரு." கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் எட்டு இடம் காலி.

நடந்தது இதுதான். கதவு திறந்ததும் முன்னால் இருந்தவர்கள் போய்விட்டார்கள். பறைக்காரப் பையன் நகரவில்லை, அவன் அம்மாவும் நகர முடியவில்லை. அவர்களுக்கு முன்னே நாலு மீட்டர் வெற்றிடம். பின்னால் இருந்தவர்கள் கத்த, பக்கவாட்டில் நாலு பேர் குழாய்க்கடியில் நுழைந்து முன்னே போக, சண்டை. ஏற்றும் நேரம் மூன்று நிமிடத்திலிருந்து ஐந்தை நெருங்கிவிட்டது. ஆட்டத்துக்கு எட்டு நிமிடம் என்றால் மணிக்கு ஏழரை ஆட்டம், அதிலும் காலி இடம். நான் பிள்ளைகளின் காத்திருப்பை இனிமையாக்கப் போய் அதை நீளமாக்கியிருந்தேன். சித்தப்பா திட்டவில்லை. அவர் நாள் வாடகையும் டீசலும் எனக்குத் தெரியும், அதனால் அவர் திட்டாதது இன்னும் கனமாக இருந்தது. தட்டுகளின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசனை. ஹான்டட் மேன்ஷன் வரிசையில் விளையாட வேண்டாம் என்கிறவர்கள் நேராகப் போக ஒரு தனி வழியும் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த அளவு இடம் கிடையாது. அதே பூங்காவில் 2012-இல் டம்போ என்ற பறக்கும் யானை சவாரிக்கு வேறு மாதிரி செய்தார்கள். குடும்பத்துக்கு ஒரு பேஜரைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளை ஒரு கூடாரத்துக்குள் சறுக்கிலும் ஏணியிலும் விளையாட விட்டார்கள். முறை வந்ததும் பேஜர் அதிரும். அந்தப் பேஜரைப் பற்றித்தான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டை நிறுத்துவது அம்மாவும் அல்ல, காவலாளும் அல்ல, சவாரியே கூப்பிடுகிறது. என் தட்டுகளும் கப்பல் சொல்வதைக் கேட்க வேண்டும். கப்பல் ஆடும்போது பேச வேண்டும், நின்றால் வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் கையை விட்டுவிட வேண்டும்.

கப்பலைக் கேட்பது

கப்பலைத் தொடாமல் அது ஆடுகிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆபரேட்டரிடம் ஒரு சுவிட்ச் கொடுத்துப் பார்த்தேன். கூட்டத்தில் அவர் கம்பி பூட்டுவதைப் பார்ப்பாரா, என் சுவிட்சைப் பார்ப்பாரா? அவர் கவனம் முழுக்க அந்த 40 பேர் மேல்தான் இருக்க வேண்டும். ஒரே நாளில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

லிஃப்ட் கதவில் இரு பக்கமும் ஒளிக்கண் இருக்குமே, ஒரு பக்கம் அகச்சிவப்புக் கதிரை வீசும், மறுபக்கம் வாங்கும். அதே வகை இரண்டு துண்டு சென்சார் 12 வோல்ட்டில் கிடைக்கிறது. பாதுகாப்பு வேலிக்கு வெளியே இரு பக்கமும் இரண்டு கம்பம் நட்டு, கப்பல் சும்மா நிற்கும்போது அதன் மூக்குக்கு ஒரு சாண் மேலே கதிர் போகும்படி கட்டினேன். கப்பல் ஆடினால் மூக்கு மேலே எழும்பிக் கதிரை வெட்டும்.

இதில் ஒரு அழகான விஷயம் இருக்கிறது. ஊஞ்சலின் ஆட்டம் சின்னதோ பெரியதோ, ஒரு முறை போய்வர ஆகும் நேரம் பெரிதாக மாறாது. நீளம்தான் தீர்மானிக்கும். கப்பல் தொங்கும் அச்சிலிருந்து கீழே சுமார் 6 மீட்டர். கணக்குப்படி ஒரு முறை போய்வர 5 நொடிக்குக் கொஞ்சம் கீழே. போனில் அளந்து பார்த்தேன், 5 நொடி. டயர் கீழே உரசித் தள்ளும் முதல் ஆட்டத்திலும், உச்சத்திலும், வேகம் அடங்கி வரும்போதும் அதேதான். ஆகவே 5 நொடிக்கு ஒரு வெட்டு வந்துகொண்டிருந்தால் ஆடுகிறது. 12 நொடி வெட்டே வரவில்லை என்றால் நின்றுவிட்டது. நிரலில் நாலு வரி. ஒரே ஒரு தொந்தரவு, அந்திச் சூரியன் வாங்கும் கண்ணில் நேராக விழுந்தது. இரண்டு கண்ணையும் இடம் மாற்றி, வாங்குகிறதைக் கிழக்கு பார்க்க வைத்ததும் சரியானது.

நின்றதும் தட்டுகள் சட்டென்று செத்தால் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டது என்று இன்னும் பலமாக அடிப்பார்கள். அதனால் ஒரு விடைபெறல் வேண்டும். கப்பல் நின்றதும் துறைமுகத்துச் சங்கு ஒன்று நீளமாக ஊதும். குழாயின் மேல் பதித்த எல்.இ.டி. பட்டையில் வாலிலிருந்து வாசல் நோக்கி ஓர் ஒளி ஓடும். பிள்ளைகள் அந்த ஒளியைத் துரத்துவார்கள் என்பது என் நம்பிக்கை.

பட்டை விஷயத்தில் மூன்று நாள் போயிற்று. முதலில் வாங்கியது 5 வோல்ட் பட்டை. 24 மீட்டருக்கு மீட்டருக்கு 30 வீதம் 720 விளக்கு. வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் வோல்ட் இறங்கி வெள்ளை மஞ்சளாகி, கடைசியில் சிவந்தே போனது, நீலம்தான் முதலில் சாகும். அதை 12 வோல்ட் டபிள்யூ.எஸ். 2815 பட்டையாக மாற்றினேன். அதில் ஒரு விளக்கு செத்தாலும் அடுத்தது வேலை செய்ய மாற்று டேட்டா கம்பி உண்டு, வெளியிடத்துக்கு அதுவே பாதி நிம்மதி. அடுத்து நானோவில் இடம் போதவில்லை. அதன் நினைவகம் 2048 பைட், 720 விளக்குக்கு மூன்று நிறம் வீதம் 2160 பைட் வேண்டும். இடம் இருந்திருந்தாலும் பட்டைக்கு ஒரு முறை செய்தி அனுப்ப 20 மில்லி நொடிக்கு மேல் ஆகும், அந்த நேரம் முழுக்க அது தட்டுகளைக் கேட்காது. விளக்குக்குத் தனியாக, நானோ போலவே இன்னொரு போர்டு, இ.எஸ்.பி. 32 போட்டேன். அதன் 3.3 வோல்ட் டேட்டாவை 5 வோல்ட்டாக உயர்த்த ஒரு சின்ன ஐ.சி. ஒரே நேரத்தில் 20 விளக்குக்கு மேல் எரிய விடவில்லை. ஓடும் ஒளிக்கு அதுவே போதும், பேட்டரிக்கும் சுமையில்லை.

இதோடு இன்னொன்றும் மாற்றினேன். முதலில் பறையை மடிப்பின் பின்பகுதியில் வைத்திருந்தேன். இப்போது வாலில் ஐஸ் மணி, நடுவில் மோகனம், அப்புறம் டோலக், எஞ்சின், வாசலை ஒட்டிப் பறை. நல்லது முன்னால் இருக்கிறது என்று தெரிந்தால் யாரும் இழுக்காமலே பிள்ளை முன்னே போகும். பாதித் தட்டுகளை இடுப்பு உயரத்திலும் பாதியை முழங்காலுக்கு ஒரு சாண் மேலேயும் வைத்தேன், நாலு வயசுக் கைகளுக்கு எட்ட.

பெரியவர்களுக்காகச் செய்தது பெயின்ட் டப்பாவும் பிரஷும் மட்டும்தான். ஒவ்வொரு மடிப்பின் தொடக்கத்திலும் தகரத்தில் "இங்கிருந்து ரெண்டு ஆட்டம்", "இங்கிருந்து மூணு ஆட்டம்" என்று எழுதி மாட்டினேன். காத்திருப்பதன் மனநிலை பற்றி 1985-இல் டேவிட் மைஸ்டர் எழுதியதில், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். நிமிடம் என்று எழுதியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்துச் சண்டைக்கு வந்திருப்பார்கள். ஆட்டம் என்றதும் பிள்ளைகளே விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். இருபது ரூபாய் வேலை. எட்டுத் தட்டும் சேர்ந்து செய்ததில் பாதியை அது செய்தது என்றே சொல்வேன்.

இரண்டாவது சனிக்கிழமை

சங்கு ஊதியது. ஒளி ஓடியது. ஒரு நொடி எல்லாரும் திகைத்து நின்றார்கள். அப்புறம் முன்னால் ஒரு பெண் குழந்தை "கப்பல் கூப்பிடுது!" என்று கத்திக்கொண்டு ஒளிக்குப் பின்னால் ஓட, வால் வரை மொத்த வரிசையும் எழுந்து நகர்ந்தது. அன்று எண்ணிப் பார்த்தேன். ஏற்றும் நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் வந்தது. சில ஆட்டத்தில் அதற்கும் குறைவு, ஏனென்றால் பிள்ளைகள் வாசலில் தயாராக நின்றார்கள். காலி இடம் ஒன்றோ இரண்டோ. சித்தப்பா எதுவும் சொல்லவில்லை. எனக்கு ஒரு டீயும் ரெண்டு மசால் வடையும் வந்தது.

தட்டுகளுக்கு ஓய்வு கொடுக்கும் மூன்று நிமிடம் பற்றி ஒரு கவலை இருந்தது, அப்போது மீண்டும் குழாய்மேல் ஏறுவார்களோ என்று. ஏறவில்லை. நகர்வதே அப்போது விளையாட்டாக இருந்தது. ஆறு நிமிடத்தில் பாதி மேளம், பாதி நடை.

அதன்பின் மூன்று வாரம் தினமும் ஓடியது. மைதானத்திலிருந்து கடல் தூரமில்லை. பத்தாம் நாளே இரண்டாம் தட்டின் சால்டர் முனை பச்சை பூத்துவிட்டது. எல்லா முனைகளையும் ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசினேன். கனெக்டர்களுக்குள் சிலிக்கான் கிரீஸ். அதன்பின் உப்பு வேலை காட்டவில்லை. ஒரு ராத்திரி மழை வந்தபோது ரப்பர் மேல் விழுந்த துளிகள் ஒவ்வொன்றும் மெல்லிய அடியாகக் கேட்டன, ஆளில்லாத வரிசையில் மோகனம் தானாக ஒலித்துக்கொண்டிருந்தது. நிறுத்த மனம் வராமல் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் பேட்டரியைக் கழற்றினேன். மறுநாள் குறைந்தபட்ச அடியின் அளவைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

பொருட்காட்சி முடிந்து கப்பலைப் பிரித்து லாரியில் ஏற்றியாயிற்று. தட்டுகள் இப்போது கடையில், மேசைக்கடியில். பறைத் தட்டின் மூடி நடுவில் விரிசல், பீசோவும் பாதி உடைந்திருக்கிறது. மூன்று வாரம் எல்லாரும் அதைத்தான் அடித்தார்கள். அதற்கு பிளாஸ்டிக் மூடி தாங்காது. 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் வட்டம் வெட்டி வைத்திருக்கிறேன், அடியில் ஒன்றுக்கு இரண்டு வட்டு ஒட்டி இணைப்பதாக யோசனை. ஆடியில் வியாசர்பாடிப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் கப்பலைப் போடுகிறார்கள். சித்தப்பா நேற்று போன் செய்தார். "மேளத்தையும் எடுத்துக்கினு வந்துடு. இந்த வாட்டி தடுப்பு நாலு மடிப்பு."